எல்லை கடந்த உதைபந்தாட்டம்

தமிழீழ அணி ஐரோப்பாவில் இரண்டு உலகக் கிண்ணத் தொடர்களில் ஆடியது. இரண்டையும் நடத்திய கோனிஃபா, ஃபிஃபாவில் இடம்பெறாத இனங்களுக்கும் பிரதேசங்களுக்கும் உரிய அமைப்பு. முதல் தொடர் 2014 ஜூனில், சுவீடனின் ஒஸ்டர்சுண்டில் 12 அணிகளுடன் நடந்தது. அடுத்தது 2018இல், லண்டனில் 16 அணிகளுடன். புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த இளைஞர்களே தமிழீழ அணியில் ஆடினர்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர் இத்தகைய தொடருக்குச் செல்வதில் கடவுச்சீட்டே முதல் கேள்வி. கனடியக் கடவுச்சீட்டுடன் சுவீடன் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி தேவை. நிரந்தர வதிவிட உரிமையுடன் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருப்போர் இரு இடங்களுக்கும் விசா பெறவேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாகக் குறைந்தது 15 நாளாவது முன்பு விண்ணப்பிக்கவேண்டும்.

போட்டி நகரமும் செலவைத் தீர்மானிக்கும். லண்டனுக்கு ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் உண்டு. உறவினர் வீடுகளிலும் தங்கலாம். ஒஸ்டர்சுண்டுக்கோ ஸ்டொக்ஹோமில் இறங்கி, வடக்கே மீண்டும் விமானமோ ரயிலோ ஏறவேண்டும்.