பொன் வேய்ந்தவன் ஊர்

சென்னை–அரக்கோணம் மின்சார ரயில் மணவூரில் ஒரு நிமிடம் நின்றால் அதிகம். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒருவன் தில்லைக் கோயிலின் தோற்றத்தையே மாற்றினான். மணவிற் கூத்தன். முதலாம் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவன். நரலோகவீரன், காலிங்கராயன் என்று பட்டங்கள். அவனுடைய மணவில் இந்த மணவூர்தான் என்பது ஆய்வாளர் கருத்து.

அவன் செய்த திருப்பணிகளைச் சிதம்பரம் கல்வெட்டு வெண்பாக்களிலேயே சொல்கிறது. சிற்றம்பலத்துக்குப் பொன், பேரம்பலத்துக்குச் செம்பு, நூற்றுக்கால் மண்டபம், விளக்குகள், நந்தவனம். தேவாரத்தைச் செப்பேட்டில் பொறித்து வைத்ததை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பொன் கண்ணுக்கு அழகு. ஏடு அழியாமல் காப்பது தலைமுறைகளுக்குச் செய்யும் உதவி.

மணவூருக்குப் பக்கத்திலேயே திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் பாடிய இரத்தினசபை. முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்தான். பூவும் நெய்யும் அமுதும் ஓர் ஊரின் விளைச்சலிலிருந்தே வந்த காலம் அது. அந்தக் கொடையைச் சொல்லும் 31 செப்பேடுகள் 1905-ல் கிடைத்தன.

திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி ஒன்று இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருவாசி இல்லை, விரிசடை இல்லை, பட்டும் இல்லை, பூவும் இல்லை. கோயிலில் அலங்காரத்தோடு தரிசித்தவர்கள் முகத்தையும் தூக்கிய திருவடியையும்தான் பார்த்திருப்பார்கள். இடுப்பு வளைவையும் முதுகின் நேர்த்தியையும் பார்க்க இப்போதுதான் வாய்த்திருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னையிலிருந்து போன புகைப்படங்களைப் பார்த்தே இந்த நடனத்தைப் பற்றி எழுதினார். அவர் மறைந்தபின் 1921-ல் அது அச்சானது. ஸ்தபதியின் கைக்கு நியாயம் கிடைத்தது என்று மகிழ்கிறேன். சாத்திய மாலை வாடும் முன் அடுத்த மாலை வந்துகொண்டிருந்த மூர்த்திக்கு இன்று ஒரு பூக்கூட இல்லையே என்று மனம் அடித்துக்கொள்ளவும் செய்கிறது.

1960-ல் திருவாலங்காடு அடங்கிய திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவாலங்காட்டுக் கோயில் இன்று திருத்தணி முருகன் கோயிலின் உபகோயில். இரத்தினசபையில் காலை உயரத் தூக்கி ஆடும் பெருமானுக்கு மார்கழித் திருவாதிரையில் அபிஷேகமும் அலங்காரமும் தொடர்கின்றன. அன்று எண்ணெய் விளக்கில் பார்த்த முகத்தை இன்று மின்விளக்கில் பார்க்கிறோம்.

ஆக, இந்தச் சீமை கொடுத்த பொன் தில்லைக்குப் போனது, வார்த்த செம்பு எழும்பூருக்குப் போனது. கூத்தனின் வெண்பாக்களில் இரண்டையாவது மணவூர்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.