அரசாங்கமே, ஒதுங்கு! ஆனால் எவ்வளவு தூரம்?

கர்நாடக எல்லையில், மாதேஸ்வரன் மலைக் காடுகளை ஒட்டிய தமிழ் கிராமம் கோபிநத்தம். வீரப்பன் பிறந்த ஊர் என்றால்தான் வெளியாருக்குத் தெரியும். ஆனால் 'அரசாங்கம் குறுக்கே வராமல் இருந்தாலே போதும், ஜனங்கள் பிழைத்துக்கொள்வார்கள்' என்று பேசும் வேட்பாளரைப் பிடித்துப் போயும் ஓட்டுப்போடத் தயங்குகிற எவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய ஊர் இது.

பிடித்துப் போவதற்குக் காரணம் சந்தன மரத்திலேயே இருக்கிறது. மைசூர் மன்னர் காலத்து ஏகபோகம் சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. சொந்த நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசுக்கே சொந்தம். கர்நாடகத்தில் 2001இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நிலத்துக்காரர் மரத்துக்கும் சொந்தக்காரரானார். தனக்குப் பலன் தராத மரத்தை எந்த விவசாயி காப்பாற்றுவார்? அரசின் பிடிதான் கடத்தல்காரனுக்கு வழிவிட்டது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்த வாதத்தின் பெரிய குரல், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி. 1959இல், எண்பது வயதில், 'லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா' ராஜ்யத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது.

அவரை நம்பியவர்களுக்கும் தர்மசங்கடம் வந்தது. 1952இல் முதலமைச்சராக இருந்து உணவு ரேஷனை நீக்கியவர், 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்ன தி.மு.க.வுடன் கூட்டு வைத்தார். காங்கிரஸை வீழ்த்துவதுதான் முக்கியம் என்று பலர் சமாதானம் செய்துகொண்டார்கள். கொள்கை சுத்தமாக இருந்தாலும் தேர்தல் சுத்தமாக இருப்பதில்லை.

கோபிநத்தம் எழுப்பும் சந்தேகம் இதைவிட ஆழமானது. வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் இந்த ஊருக்கு மருத்துவ வசதி கொண்டுவந்தார். மாரியம்மன் கோயில் கட்ட உதவினார். துப்பாக்கியால் அல்ல, மக்களின் மனத்தை மாற்றியே வீரப்பனைத் தனிமைப்படுத்த முடியும் என்று நம்பினார். சரணடைவதாகச் சொன்ன வார்த்தையை நம்பிக் காட்டுக்குள் போனவரை 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கொன்றான். ஸ்ரீநிவாஸும் அரசாங்கம்தான். அவரை ஒதுங்கச் சொல்ல எந்தக் கிராமத்துக்கு மனம் வரும்?

அடுத்து வந்ததும் அரசாங்கம்தான். அதிரடிப்படைகளின் அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது. வீரப்பனோ 2004 அக்டோபரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தான்.

ஆக, மரத்தைப் பறித்த கையும் மருந்து கொடுத்த கையும் லத்தி எடுத்த கையும் ஒரே அரசாங்கத்தின் கைகள். தயங்கும் வாக்காளர் வேட்பாளரிடம், 'அரசாங்கத்தைக் குறைப்பீர்களா?' என்று கேட்டுப் பயனில்லை. 'எந்தக் கையை முதலில் எடுப்பீர்கள்?' என்றுதான் கேட்க வேண்டும். லத்தியையும் லைசென்ஸையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கைவைக்கிறவர் என்றால், எவ்வளவு பிடித்த ஆளாக இருந்தாலும், தயக்கம் நியாயமானதே.