ஆஸ்பத்திரி வளவில் அடுக்கி வைத்தவர்கள்

கைவிடப்பட்ட ஆஸ்பத்திரி ஒன்று கிடைத்தால் பேய்க்கதைக்காரருக்குப் பாதி வேலை முடிந்தது. இருண்ட வாட்டு, துருப்பிடித்த கட்டில், தானாக ஆடும் கதவு, வெள்ளை உடுப்பில் ஒரு தாதி. இலங்கையின் மாத்தளையில் இந்தச் சாமான் எதுவும் இல்லை. அது பாழடைந்த கட்டடமே அல்ல; பிரசவமும் மருந்து வரிசையுமாக நாள்தோறும் சனம் நிறையும் மாவட்டப் பொது வைத்தியசாலை.

2012 நவம்பரில் அதன் வளவில் பயோகேஸ் அமைப்புக்காகக் குழி வெட்டியபோது எலும்புகள் தட்டுப்பட்டன. நீதவானின் மேற்பார்வையில் தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளிவந்தன. அவை கிடந்த விதம்தான் குலை நடுங்க வைப்பது. வரிசை வரிசையாக, ஒரு உடலின் மேல் இன்னொன்றாக, ஐந்தாறு அடுக்கு. அவசரத்தில் தள்ளி மூடிய குழி அல்ல அது. யாரோ நிதானமாக நின்று அடுக்கியிருக்கிறார்கள்.

1940களின் தொற்றுநோயாக இருக்கும், இல்லாவிட்டால் மண்சரிவு என்று முதலில் சொன்னார்கள். மலையகத் தமிழருக்கு இது புதுக் கதை அல்ல. மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்குக் கோப்பித் தோட்ட வேலைக்கு நடந்து வந்த அவர்களின் முன்னோரில், வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். முத்துமாரியம்மன் மாத்தளையில் கோயில் கொண்டிருப்பது சும்மா அல்ல.

ஆனால் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, குழியில் கிடைத்த பொருட்களை வைத்து, 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட புதைகுழி என்றார். மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) இரண்டாவது கிளர்ச்சியும் அதை அரசு நசுக்கியதும் அந்தக் காலத்தில்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களக் குடும்பங்கள் நியாயம் கேட்டு வந்தன. பிறகு அமெரிக்காவின் மயாமியில் நடந்த கார்பன் பரிசோதனை, எலும்புகள் 1950க்கு முந்தியவை என்றது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கூட்டிவிட்டன. அதற்குப் பின் பிறந்து வளர்ந்தவர்களின் எலும்பில் அந்தத் தடயம் தங்கும். பொருள் ஒன்று சொல்ல, எலும்பு வேறொன்று சொன்னது.

அதோடு பேச்சு அடங்கிப்போனதுதான் உறுத்துகிறது. பழைய எலும்பு என்றால் கேட்பாரற்ற எலும்பா? அகாலத்தில் செத்துக் கருமாதி காணாதவர்கள் அலைவார்கள் என்பது தோட்டத்து நம்பிக்கை. சிங்கள ஊர்களிலும் செத்தவரின் பேரில் தானம் கொடுக்காமல் விடமாட்டார்கள். கருமாதி, தானம் இரண்டுக்கும் முதலில் பெயர் வேண்டும். அம்மையில் போனவர்களோ, வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களோ, மாத்தளை எலும்புகளுக்கு அது வாய்க்கவில்லை.

மன்னாரிலும் இதே கூத்துத்தான். 2018இல் அரச விற்பனை நிலையமான சதொசவின் வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்று 2019இல் மயாமியிலிருந்து பதில் வந்தது.

2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் இன்னொரு புதைகுழியைச் சோமதேவ தோண்டினார். அங்கே ஒரு சின்னப் பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப்பை கிடந்தது. அந்தப் பை எந்தக் காலத்தது என்று அறிய மயாமிவரை போகத் தேவையில்லை. அந்த ஆகஸ்டில், குழியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் காணாமல் போனவர்களின் உறவினர் நேரில் வந்து பார்த்து அடையாளம் சொல்ல நீதிமன்றம் இடமளித்தது.