எலும்பில் பெயர் இல்லை

1957இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து வீடுகளுக்குக் கேஸ் பில்லோடு சேர்ந்து ஒரு நோட்டீஸும் வந்தது. நாலைந்து வயதுப் பையனின் படம். இவனைத் தெரியுமா என்ற கேள்வி. படம் எடுத்தபோது பையன் உயிரோடு இல்லை. அச்சடித்த நோட்டீஸ்கள் 4 லட்சம். உருப்படியான பதில் ஒன்றுகூட வரவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரிக் கடைசியில், ஊரின் ஓரத்தில் ஃபாக்ஸ் சேஸ் பகுதிப் புதருக்குள் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. குழந்தைத் தொட்டில் வைத்து விற்ற பெட்டி. உள்ளே கட்டம் போட்ட போர்வையில் சுற்றிய சடலம். உடம்பெல்லாம் அடிபட்ட காயம், பட்டினி கிடந்த மெலிவு. தலைமுடியை யாரோ அவசர அவசரமாகக் கன்னாபின்னாவென்று கத்தரித்திருந்தார்கள். வெட்டிய முடி உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை முதலில் பார்த்தவர் வாயே திறக்கவில்லை. அங்கே அவர் வைத்திருந்த கண்ணிகளைப் போலீஸ் பிடுங்கிவிடும் என்ற பயம். சில நாள் கழித்து இன்னொருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வழக்கு. சடலத்துக்குச் சட்டை மாட்டி உட்காரவைத்துக்கூடப் படம் எடுத்து வெளியிட்டார்கள். அப்படியாவது யாருக்காவது அடையாளம் தெரியாதா என்ற நப்பாசை.

கைரேகை, ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பவரைத்தான் காட்டிக்கொடுக்கும். நாலு வயதுப் பையனுக்கு ஏது பதிவு? பிணப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்த்த ரெமிங்டன் பிரிஸ்டோ என்பவர் 1993இல் சாகும்வரை இந்தப் பையனை விடவில்லை, பலன் இல்லை. 1998இல் உடலைத் தோண்டியெடுத்து, பல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ எடுத்தார்கள். தாய் வழியாக மட்டும் இறங்கி வருவது அது. ‘இவர் அம்மாவாக இருக்கலாம்’ என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், இருக்கலாம் என்றோ இல்லை என்றோ சொல்லும். யாரை நிறுத்துவது என்று சொல்லாது. குற்றவாளிகளுக்காகப் போலீஸ் வைத்திருக்கும் டி.என்.ஏ பதிவிலும் இதே முட்டுக்கட்டைதான். சுமார் 20 இடங்களை மட்டும் ஒப்பிடும் சோதனை அது. பெற்றவர், பிள்ளை வரை பொருத்தும், தூரத்துச் சொந்தத்தைப் பிடிக்காது.

வழி பிறந்தது பொழுதுபோக்குக்காரர்களால். தம் பூர்வீகம் அயர்லாந்தா இத்தாலியா என்று தெரிந்துகொள்ள அமெரிக்கர்கள் குழாயில் எச்சில் துப்பித் தபாலில் அனுப்பினார்கள். அந்தச் சோதனை பல லட்சம் இடங்களைப் பார்க்கும். முடிவை ஜெட்மேட்ச் என்ற இணையதளத்தில் ஏற்றினால், அங்கே யார் யாரெல்லாம் சொந்தம் என்று பட்டியல் வரும். 1981இல் ஒஹாயோ மாநிலச் சாலையோரத்தில் கிடைத்த இளம்பெண்ணின் சடலத்துக்கு, 37 வருஷம் கழித்து, 2018 ஏப்ரலில் இப்படித்தான் பெயர் கிடைத்தது. டி.என்.ஏ விவரம் கைக்கு வந்த பிறகு வம்சாவளி தேட ஆனது நாலு மணி நேரம்!

பிலடெல்பியா பையன் விஷயம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. 2019இல் மறுபடி தோண்டினார்கள். மண்ணுக்குள் அறுபது வருஷம் கிடந்த டி.என்.ஏ தூள் தூளாகியிருந்தது. ஒரே பத்திரத்துக்கு ஆயிரம் நகல் இருந்து, அத்தனையையும் கரையான் அரித்துவிட்டால் எப்படி? ஒரு நகலில் முதல் வரி மிச்சம், இன்னொன்றில் நடுவில் இரண்டு சொல். அவற்றை அடுக்கி மூல வாசகத்தைப் படிக்க வேண்டும். இயற்பியல் படித்துவிட்டு வம்சாவளி ஆராய்ச்சிக்கு வந்த காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் குழுவுக்கு, அந்த டி.என்.ஏ ஒப்பிடும் நிலைக்கு வரவே இரண்டரை வருஷம் பிடித்தது.

அதன் பிறகு உறவுக் கணக்கு. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று நாம் சொல்கிறோமே, எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்பதை டி.என்.ஏ அளந்தே காட்டும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிக்குள் பொதுவாக இருப்பது சராசரியாக 12.5 சதவீதம். இரண்டுவிட்டால் 3 சதவீதம். மூன்றுவிட்டால் 1 சதவீதம்கூடத் தேறாது. பட்டியலில் மூன்றுவிட்ட சொந்தம் ஒருவர் கிடைத்தால், இருவருக்கும் பொதுவாக ஒரு ஜோடி எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி இருக்க வேண்டும். ஆனால் ஒருவருக்கு அப்படி எட்டு ஜோடி உண்டு. எந்த ஜோடி? அங்கேயிருந்து மக்கள்தொகைப் பதிவு, மரண அறிவிப்பு, கல்யாணப் பதிவு என்று பழைய காகிதங்களைப் புரட்டிக் கிளை கிளையாக இறங்கிவர வேண்டும். (மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொள்ளும் நம் குடும்பங்களில் இந்தக் கணக்குச் சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று வழியில் சொந்தம் என்பதால், தூரத்து உறவும் கிட்டத்து உறவுபோலக் காட்டும்.)

இப்படித் தாய்வழிச் சொந்தங்களைப் பிடித்து, அவர்கள் வழியாகத் தாய் யார் என்று கண்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைகளின் பதிவுகளைக் கேட்டுக் கோர்ட் உத்தரவு வாங்கினார்கள். வந்த காகிதங்களில் ஒன்று, 1953 ஜனவரி 13 அன்று பிறந்த ஆண் குழந்தையின் பிறப்புச் சான்று. ஜோசப் அகஸ்டஸ் சரெல்லி. தகப்பன் பெயரும் அதிலேயே இருந்தது; தந்தைவழி டி.என்.ஏ-வும் அதற்குப் பொருந்தியது. அந்தச் சான்று இத்தனை காலமும் அரசாங்க ஆவணத்துக்குள்தான் இருந்திருக்கிறது. எந்தக் காகிதத்தை எடுப்பது என்று காட்டத்தான் இவ்வளவு விஞ்ஞானமும்.

எல்லோருக்கும் இது வாய்க்காது. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் 60 சதவீதம் பேருக்குமேல் மூன்றுவிட்ட உறவோ அதைவிட நெருங்கிய உறவோ கிடைத்துவிடும் என்று 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. காரணம், எச்சில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். சொந்தக்காரர்கள் யாரும் பொழுதுபோக்காகப் பணம் கட்டிச் சோதனை செய்துகொள்ளாத சமூகத்துப் பிணத்துக்கு, செத்த பிறகும் வரிசையில் கடைசி இடம். இன்னொன்று, எச்சில் துப்பியவர் தன் அத்தை பிள்ளையின் ரகசியத்தையும் சேர்த்தே துப்புகிறார். அந்த அத்தை பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அதே 2018இல் கலிபோர்னியாவின் பழைய தொடர் கொலைகாரன் ஒருவன் இந்த வழியில் சிக்கிய பிறகு சர்ச்சை கிளம்பியது. மறு வருஷம் ஜெட்மேட்ச் தன் விதியை மாற்றியது: குற்றவாளியைத் தேடும் போலீஸ் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டவரின் விவரம் மட்டுமே காட்டப்படும்.

2022 டிசம்பர் 8 அன்று போலீஸார் பையனின் பெயரை அறிவித்தார்கள். தாயும் தகப்பனும் முன்பே இறந்துபோயிருந்தார்கள். இருவர் வழியிலும் உடன்பிறந்தவர்கள் உயிரோடு இருப்பதால் பெற்றோர் பெயரை வெளியிடவில்லை. கொன்றது யார் என்பதில் சந்தேகம் உண்டு என்றார்கள். யார் மேல் என்று சொல்லவில்லை. பிள்ளையைக் காணோம் என்று அன்று யாரும் ஏன் புகார் கொடுக்கவில்லை என்பதற்கு எந்தச் சோதனைக் குழாயிலும் பதில் இல்லை.

ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவன் சமாதியின் மேல் ‘அமெரிக்காவின் பெயர் தெரியாத குழந்தை’ என்றுதான் எழுதியிருந்தது. 2023 ஜனவரி 13, இருந்திருந்தால் அவனுக்கு எழுபது நிறைந்திருக்கும் நாள். அன்றைக்கு அங்கே பெயரையும் பொறித்தார்கள்.