சொந்தக் கையால் திருத்தும் பழைய கார்

யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றால் இரண்டு பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒன்று ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மற்றது மொறிஸ் மைனர். கலியாண வீடோ, ஆஸ்பத்திரியோ, கோயில் திருவிழாவோ, எம்மவர் ஏறிப் போனது இவற்றில்தான். 1990 இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது இந்தப் பழசுகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணை எரிக்கும். ஆனாலும் கார் ஓடியது. ஓட்டியவரே அதைத் திருத்தவும் தெரிந்தவராக இருந்தபடியால் ஓடியது.

அதே மொறிஸ் மைனரை இங்கே இங்கிலாந்தில் பலர் செல்லப்பிள்ளை போல வைத்திருக்கிறார்கள். 1948 இல் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் நகரில் பிறந்து, 1922 இல் யுத்தத்தால் குடும்பத்தோடு அங்கிருந்து வெளியேறி, தகப்பனையும் இழந்து, தாயாருடன் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். மினி காரும் அவருடைய வேலைதான். அகதியாக வந்த ஒருவர் வடிவமைத்த மைனர் 16 இலட்சத்துக்கு மேல் விற்றது என்பதை எமது பிள்ளைகளுக்கு யாராவது சொல்லவேண்டும்.

நான் வாங்கியது 1098 சி.சி. எஞ்சின் உள்ள ஒன்று. கண்பார்வை குறைந்து ஓட்டமுடியாமல் போன ஒரு முதியவர் மலிவாகத் தந்தார். ஒரு கராஜில் மணித்தியாலக் கூலியைக் கேட்டேன். அதைக் கேட்ட பிறகு ஒரு ஸ்பனர் செற்றும், பழைய திருத்தக் கைநூல் ஒன்றும் வாங்கினேன்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மெசின் நின்றால் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு ரெக்னீசியன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எட்டு வருடமாக அதே மெசின். எங்கே இறுகுகிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் மூடியைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை, அதற்குரிய சான்றிதழ் என்னிடம் இல்லை. மைனரின் மூடியைத் திறக்க யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

முதலில் செய்த வேலை பொயின்ற்ஸ் மாற்றியது. சில பவுண்களுக்கு வாங்கக்கூடிய சிறு சாமான். எஞ்சினுக்கு எப்போது பொறி கிடைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். டிஸ்ரிபியூற்றர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிக் கழற்றி, நான்கு பிளக்கையும் வெளியில் எடுத்துவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். முன்னாலே இரும்புக் கைபிடியைக் கொடுத்துச் சுற்றி, பொயின்ற்ஸ் ஆகக் கூடுதலாக விரியும் இடத்தில் நிறுத்தவேண்டும். அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. பீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டால் மெல்ல உரசிக்கொண்டு வரவேண்டும். ஆணியை இறுக்கினால் இடைவெளி சற்று மாறும், திரும்பவும் அளக்கவேண்டும். முதல்முறை இரண்டு மணித்தியாலம் சென்றது, இப்போது 20 நிமிடம். அன்று சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டபோது, வாய்விட்டுச் சிரித்தேன். ஜன்னலால் பார்த்த மனைவி பயந்துபோனா.

எங்கள் நகரத்தில் ஓர் ஐயா இருக்கிறார். ஊரில் வாடகைக் கார் ஓடியவர். இப்போது முழங்கால் மடங்காது. கதிரையைப் போட்டு இருந்துகொண்டு காதால் மட்டும் வேலை செய்வார். ஒருநாள் எஞ்சின் குலுங்கியது. "தம்பி, நாலில ஒண்டு வேலை செய்யேல்லை. வயரை ஒவ்வொண்டாக் கழட்டிப் பார். எதைக் கழட்டேக்க சத்தம் மாறேல்லையோ, அதுதான் படுத்திருக்கு" என்றார். றப்பர் கையுறையோடு கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது. பிளக் கரி பிடித்திருந்தது. துடைத்து, ஆயிரத்தில் 25 இடைவெளி வைத்துப் பூட்டினேன். ஐயா தலையாட்டினார். எனக்கு அதுவே சான்றிதழ்.

பற்றறி விஷயத்தில் ஒன்று. இன்றைய கார்களில் மறை முனைதான் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். மைனரில் நேர் முனை. முன்னைய சொந்தக்காரர் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் பார்த்து உறுதிசெய்த பிறகே புதிய றேடியோவைப் பூட்டவேண்டும்.

இதைவிடப் பாரதூரமானது முன் சில்லு. சில்லைத் தாங்கித் திரும்பும் அச்சின் மேலும் கீழும் மரையுள்ள மூட்டுகள் உண்டு. ஆங்கிலத்தில் றனியன் என்பார்கள். கிறீஸ் காய்ந்தால் கீழ் மூட்டின் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சில்லு அப்படியே மடிந்துவிடும். 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிப்பது ஐந்து நிமிட வேலை. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது, ஸ்ராண்ட் வைத்தே ஆகவேண்டும்.

இங்கிலாந்தில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்த எம்.ஓ.ரி. சோதனை கட்டாயமில்லை. கார் வீதிக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்ற சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. சிலர் இதைச் சலுகை என்று கொண்டாடுகிறார்கள். என்னைப்போன்ற புதிதாகப் பழகுபவனுக்கு இது சலுகை இல்லை. என் பிள்ளைகள் பின்சீற்றில் இருக்கிறார்கள். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து அந்தச் சோதனையைச் செய்விக்கிறேன். சென்ற முறை பரிசோதகர் முன் சில்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, யார் கிறீஸ் அடிப்பது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அடுத்தது பிறேக்கின் பிரதான சிலிண்டர். சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஒரே தொடுப்பு என்பதால் அதில் ஒழுக்கு வந்தால் கால் பிறேக் முழுவதும் போய்விடும். கழற்றுவதும் பூட்டுவதும் நானே. காரை வீதிக்கு இறக்கமுன் பார்த்துத்தரும்படி ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.