வாசலில் நிற்பவர் யார்? தேவாலய வளாகப் பாதுகாப்பும் வரவேற்பும்

கிள்ளான், தெங்கு கிளானா சாலையில் நடப்பவர்கள் புடவைக் கடைகளையும் பூக்கடைகளையும் மட்டுமல்ல, இந்திய முஸ்லிம் பள்ளிவாசலையும் லூர்து மாதா தேவாலயத்தையும் கடந்துதான் போகிறார்கள். 1928-இல் கட்டப்பட்ட அந்தத் தேவாலயம் 2014 ஜனவரி 5 ஞாயிற்றுக்கிழமை காலை பதற்றத்தோடு விடிந்தது. சிலாங்கூரில் உள்ள தேவாலயங்களின் முன் எதிர்ப்புக் கூட்டம் நடத்தப்போவதாக மாநில அம்னோ அதற்கு முன்பே அறிவித்திருந்தது. மூன்று நாள்களுக்கு முன்புதான், ஜனவரி 2-ஆம் தேதி, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய வேதாகமச் சங்கத்தின் அலுவலகத்தில் சிலாங்கூர் இஸ்லாமிய சமயத் துறை சோதனை நடத்தி, முந்நூறுக்கும் மேற்பட்ட வேதாகமங்களைக் கைப்பற்றியிருந்தது.

பூசைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா, வேண்டாமா? அந்த வாரம் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் இதுதான் பேச்சு.

ஆனால் தேவாலயங்களின் முன் நடப்பதாக இருந்த எதிர்ப்பு வேறு இடத்துக்கு மாறியது. லூர்து மாதா தேவாலயத்துக்கு வந்தவர்கள் வேறு ஆள்கள். கிறிஸ்தவர்களுக்கு ஆதரவு தெரிவிக்க முஸ்லிம்கள் உட்படப் பல இனத்தவரும் அங்கே திரண்டனர். சமூக ஆர்வலர் டத்தின் படுக்கா மரினா மகாதீரும் அவர்களில் ஒருவர். காவல் துறை பாதுகாப்பு அவசியமாக இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தக் காலை பலர் நினைவில் நிற்பதற்குக் காரணம் வந்து நின்ற அந்த அண்டை அயலார்தான்.

இந்த அச்சத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ‘அல்லாஹ்’ என்ற சொல்லைக் கத்தோலிக்க வார இதழான ‘தி ஹெரால்டு’ பயன்படுத்தலாம் என்று உயர்நீதிமன்றம் 2009 டிசம்பர் 31-இல் தீர்ப்பளித்தது. எட்டு நாள்கள் கழித்து, 2010 ஜனவரி 8-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், டேசா மெலாவத்தியில் கடைவீட்டில் இயங்கிவந்த மெட்ரோ தபர்னக்கல் தேவாலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. கீழ்த்தள அலுவலகம் எரிந்துபோனது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேவாலயங்களும் குறிவைக்கப்பட்டன. செந்தூலில் ஒரு குருத்வாராவின் மீது கல் விழுந்தது. டேசா மெலாவத்தி சம்பவத்தில் சகோதரர்கள் இருவருக்கு அதே ஆண்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் பின்னர் 2013 அக்டோபர் 14-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தீ வைத்தவர்கள் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்துக்கு விளக்கு, கேமரா, பூட்டு, தீயணைப்புக் கருவி எல்லாம் வேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் ஆள்கள் கூடும் நேரத்துக்கு வேறு வகைக் காவல் தேவைப்படுகிறது. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், வருகிறவரிடம் பேசாது.

பேசுவதால் என்ன ஆகும் என்பதற்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் சாட்சி. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. இலங்கையில் அன்று தாக்கப்பட்ட மூன்று தேவாலயங்களில் அதுவும் ஒன்று. முதுகில் பையோடு வந்த அந்நியரை அங்கிருந்தவர்கள் விசாரித்தார்கள். வழிபாட்டைப் படம் பிடிக்க வந்ததாக அவர் சொல்லவே, அதற்கு அனுமதி வேண்டும் என்று சொல்லி, சபையைச் சேர்ந்த ஒரு தந்தை அவரை உள்ளே விடாமல் வெளியே போகச் சொன்னார். குண்டு முற்றத்தில் வெடித்தது. அந்தத் தந்தை உட்பட ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் அவர்களில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்த மண்டபத்துக்குள் அது வெடிக்கவில்லை.

அவர் கேட்டது போலீஸ் விசாரணைக் கேள்வி அல்ல. யார் நீங்கள், எதற்காக வந்தீர்கள் என்று புதிதாக வருகிறவரிடம் எந்தத் தமிழ்த் தேவாலயத்திலும் கேட்கிற கேள்விதான். வரவேற்பும் சோதனையும் இரண்டு வேலைகள் என்று நினைக்கிறோம். வாசலில் அவை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. “வாங்க ஐயா, எங்கிருந்து வர்றீங்க? யாரைப் பார்க்கணும்?” நல்ல எண்ணத்தோடு வந்தவருக்கு இது உபசரிப்பு. கெட்ட எண்ணத்தோடு வந்தவருக்கோ, தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்ற எச்சரிக்கை.

அந்தத் தாக்குதலுக்குப் பின் கொழும்பில் ஞாயிறு பூசைகள் சில வாரங்கள் நடக்கவில்லை. கர்தினால் மால்கம் ரஞ்சித் நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மே மாதத்தில் தேவாலயங்கள் திறந்தபோது படையினர் நின்றார்கள், பைகளும் அடையாள அட்டைகளும் சோதிக்கப்பட்டன. அந்த நாட்டில் அந்தச் சூழலில் அது நியாயம். அதே முறையை அப்படியே கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ கொண்டுவந்தால் யார் முதலில் திரும்பிப் போவார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

வாசலில் ஐ.சி. கேட்டால் திருடன் போகமாட்டான், அவனிடம் ஐ.சி. இருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை போய்விடும். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பாட்டி கூசிப்போவார். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி, உதவி கேட்க வந்தவன், அந்தப் பக்கமே மறுபடி வரமாட்டான். உடனடி மிரட்டல் இருப்பதாகக் காவல் துறை சொல்லும் நாள்களைத் தவிர, வாசலில் ஐ.சி. கேட்பது தேவாலயத்துக்குப் பொருந்தாத வழக்கம்.

பூடு அந்தோணியார் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 13 திருநாளையொட்டி அங்கே வருகிறவர்களில் இந்துக்களும் உண்டு. அவர்களில் யார் ‘வெளியாள்’?

அன்றாடத் தொல்லைகள் பெரும்பாலும் சிறியவை. நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது இருக்கையில் விட்ட கைப்பை காணாமல் போவது, உண்டியலை யாராவது நோண்டுவது, நிறுத்திய காரின் கண்ணாடியை உடைப்பது. இவற்றுக்குப் பெரிய செலவு தேவையில்லை. பூசை நேரத்தில் வளாகத்தைச் சுற்றிவர இரண்டு பேர், பின்வாசலைக் கவனிக்க ஒருவர், மறைக்கல்வி முடிந்த பிள்ளைகளைப் பெற்றோர் கையில் ஒப்படைக்கும் வரை நிற்க ஒருவர் போதும். எல்லா வாரமும் அதே மூன்று மாமாக்கள் நிற்காமல், அடிப்படைக் கிறிஸ்தவ சமூகக் குழுக்கள் முறை வைத்து நிற்கலாம். பெண்களும் இளைஞர்களும் நின்றால் இன்னும் நல்லது. தமிழ் மட்டுமல்ல, மலாயும் பேசத் தெரிந்த ஒருவர் அந்த முறையில் இருக்க வேண்டும். தகராறு என்றால் கைகலப்பில் இறங்காமல் 999-ஐ அழைப்பது, பிறகு போலீஸ் புகார் செய்வது. வழிபாட்டுத் தலத்தைச் சேதப்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் 295-ஆவது பிரிவின்படியும், வழிபாட்டைக் குலைப்பது 296-ஆவது பிரிவின்படியும் குற்றம். இது தெரியாததாலேயே பலர் சமாதானம் பேசி விட்டுவிடுகிறார்கள்.

2015 ஏப்ரல் 19-இல் பெட்டாலிங் ஜெயா, தாமான் மேடானில் கடைவீடு ஒன்றில் புதிதாகத் தொடங்கிய தேவாலயத்தின் முன் ஏறத்தாழ ஐம்பது பேர் கூடி, சிலுவையை எடுக்கச் சொன்னார்கள். சில மணி நேரத்தில் சிலுவை இறக்கப்பட்டது. தவறு கூடியவர்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைவீட்டில் இயங்கும் சிறு சபைகளுக்கு அதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. மேல்மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கீழ்க்கடைக்காரருக்கே தெரியாவிட்டால், பிரச்சினை வரும் நாளில் நமக்காகப் பேச அந்த வரிசையில் ஒருவரும் இருக்கமாட்டார்.

ருக்குன் தெத்தாங்கா கூட்டத்துக்கு சபையிலிருந்து ஒருவர் போவது, பக்கத்துப் பள்ளிவாசல் செயலாளரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைப்பது, கிறிஸ்துமஸ் வாரத்தில் கார்கள் எங்கே நிற்கும் என்று எதிர்க்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்வது, இதெல்லாம் பாதுகாப்புக் குழுவின் வேலைப் பட்டியலில் கேமராவுக்கு முன்னால் வர வேண்டியவை. கேமராவை ஒரே நாளில் பொருத்திவிடலாம். பள்ளிவாசல் செயலாளரோடு பழக ஒரு நோன்புப் பெருநாளாவது வேண்டும்.