செவிலியர் குறிப்பேட்டில் எழுதுவது என்ன?

மருத்துவர்களாகிய நாங்கள் ஒரு நோயாளியின் படுக்கையருகே நிற்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் முழுவதும் அவரைக் கண்காணிப்பவர்கள் செவிலியர்கள். இரவில் நோயாளியின் நிலை மாறினால் அதை முதலில் அறிபவரும் பெரும்பாலும் செவிலியரே. எங்களுக்குத் தொலைபேசியில் தகவல் வருவது அதன் பின்னர்தான். ஆயினும், "சிஸ்டர் வந்து ஏதோ எழுதிவிட்டுப் போகிறார்" என்று உறவினர்கள் கூறுவதைக் கேட்கிறோம்.

அவர் எழுதுவது வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, சுவாச எண்ணிக்கை முதலியவற்றை. இவற்றுள் மிக எளியதாகத் தோன்றும் சுவாச எண்ணிக்கையையே நாங்கள் முதலில் பார்க்கிறோம். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை சுவாசிப்பார். கிருமித்தொற்று உடலெங்கும் பரவும்போது, இரத்த அழுத்தம் குறைவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை 24, 28 என ஏறத் தொடங்கிவிடக்கூடும். அந்த ஏற்றத்தை உரிய நேரத்தில் கண்டால் சாதாரண வார்டிலேயே சிகிச்சையை மாற்றிக் காப்பாற்ற இயலும். தவறவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேரிடும். தம்மைக் கவனிக்கிறார்கள் என்று அறிந்தால் நோயாளியின் சுவாசம் மாறிவிடும் என்பதால், நாடியைப் பிடித்திருப்பதுபோல் நின்றபடி மார்பின் ஏற்ற இறக்கத்தைச் செவிலியர் எண்ணுவதுண்டு. அந்த ஒரு நிமிடம் அவரிடம் பேச்சுக் கொடுக்காதிருப்பது நலம்.

"நான்கு நாளாகப் பார்க்கிறீர்கள், இன்னுமா பெயர் தெரியவில்லை?" என்று சிலர் சலித்துக்கொள்வர். பெயர் தெரிந்தே கேட்கிறார். ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் இருப்பது நம் ஊரில் அரிதன்று. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்ய வேண்டும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்ற மருந்துகளை இரண்டாவது செவிலியர் ஒருவரும் சரிபார்ப்பது நல்ல வழக்கம். ஊசி போடச் சற்றுத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாச் செவிலியரும் ஒரே பணியைச் செய்பவர் அல்லர். டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நோயாளியின் இரத்தம் உடலுக்கு வெளியே ஓடி வருவதைக் கண்காணிக்கிறார். பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மில்லிலிட்டரில் ஒரு சிறு பங்கே மருந்தாக இருக்கும். அறுவை அரங்கில், வயிற்றை மூடும் முன் பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் எண்ணுபவர் செவிலியர். கணக்கு சரியாகவில்லை என்று அவர் கூறினால் அறுவை மருத்துவர் தையலை நிறுத்தித் தேடத்தான் வேண்டும். செயற்கைச் சுவாசத்தில் உள்ளவருக்குத் தனியே ஒரு செவிலியர் இருப்பதே முறை. பொது வார்டில் ஒருவரே பலரைக் கவனிக்கிறார். அழைத்தவுடன் வர இயலாமைக்கு அலட்சியம் காரணமன்று.

இப்பணிக்கான பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள், பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். பட்டப் படிப்பு வேலூரிலும் டெல்லியிலும் 1946ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

பணிமாற்ற நேரத்தில் செவிலியர்கள் படுக்கை படுக்கையாக நின்று பேசுவதைக் கண்டிருப்பீர்கள். முந்தைய பணியாளர் கண்டவை அனைத்தும் அப்போதுதான் அடுத்தவருக்குச் சென்று சேர்கின்றன. போர்வை மாற்றுதல், உணவு பற்றிய ஐயம் போன்றவற்றை அது முடிந்தபின் கேட்கலாம். ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாக எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றாலோ, எந்த நேரமாயினும் குறுக்கிட்டுச் சொல்லுங்கள். அவரது இயல்பான முகத்தை எங்களைவிட நன்கு அறிந்தவர்கள் நீங்கள்; செவிலியர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.